யுத்தம் வந்தால் வெள்ளி எங்கே போகிறது?

இந்த ஆண்டு மலருக்குக் காசைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் வகுப்பில் ஒரே கேலி. "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் காசுல என்னடா வேலை? லேத்தைப் பத்தி எழுது, வெல்டிங்கைப் பத்தி எழுது" என்றார்கள் நண்பர்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான். காசும் ஓர் உற்பத்திப் பொருள்தான். உலோகத்தை உருக்குகிறோம், கலக்கிறோம், தகடாக உருட்டுகிறோம், வட்டமாக வெட்டுகிறோம், டையில் வைத்து அடிக்கிறோம், விளிம்பில் வரி போடுகிறோம். இதில் எது நம் சிலபஸில் இல்லை? ஒரே ஒரு வித்தியாசம். லேத்தில் கடைந்த போல்ட்டில் அளவு குறைந்தால் இன்ஸ்ட்ரக்டர் உடனே தூக்கிப் போட்டுவிடுவார். காசில் சரக்கு குறைந்தால் அதை ஒரு நாடே கையில் வாங்கிக்கொண்டு போகும்.

என்னிடம் இரண்டு பழைய ஒரு ரூபாய் காசுகள் இருக்கின்றன. ஒன்று 1919ஆம் வருஷத்தது, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டது. இன்னொன்று 1944, ஆறாம் ஜார்ஜ். இரண்டுக்கும் ஒரே எடை, 11.66 கிராம். ஒரே விட்டம். இரண்டிலும் ஒரு ரூபாய் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் முதல் காசில் இருக்கும் சுத்த வெள்ளி 10.69 கிராம். இரண்டாவதில் 5.83 கிராம்தான். மீதி 4.86 கிராம் வெள்ளி எங்கே போனது?

ஒரே வரியில் பதில் சொல்வதென்றால், யுத்தத்துக்குப் போனது. அது எப்படிப் போனது, அதனால் யார் கெட்டார்கள், இதற்கும் நம் காரைக்காலுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கப்பலில் வந்த வெள்ளி

நண்பர்களே, முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோழமண்டலக் கடற்கரையில் நெல் விளையும், உப்பு விளையும், துணி நெய்யலாம். வெள்ளி மட்டும் கிடையாது. இங்கே புழங்கிய வெள்ளியில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. மெக்ஸிகோவிலும் பெருவிலும் வெட்டி எடுத்த வெள்ளி ஸ்பெயின் நாட்டுக் காசாகி, ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சு, ஆங்கிலேய, டச்சுக் கம்பெனிகளின் கப்பலில் ஏறி நம் கரைக்கு வந்தது. இங்கே அதை உருக்கி ரூபாயாக அடித்து நெசவாளிக்கும் வியாபாரிக்கும் கொடுத்துத் துணி வாங்கிப் போனார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 'பணம்' என்னும் சின்ன வெள்ளிக்காசை அடித்து வந்தார்கள். ஒரு பக்கம் கிரீடம், மறு பக்கம் பிரான்ஸ் அரச வம்சத்தின் லில்லிப் பூ. அவர்கள் வாயில் பணம் என்பது 'ஃபனோன்' ஆயிற்று. அவர்கள் கணக்கில் 3 காசு ஒரு துட்டு, 8 துட்டு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். செப்புத் துட்டுகளில் புதுச்சேரி என்று தமிழில் பொறித்திருப்பார்கள். நம் ஊர்ப் பெயரைத் தமிழில் பொறித்த செப்புக் காசுகளும் உண்டு.

ஆனால் பெரிய வியாபாரத்துக்குப் பணம் போதாது, ரூபாய் வேண்டும். ரூபாய் அடிக்கும் உரிமை மொகலாயப் பேரரசர் பெயரில் ஆண்டவர்களிடம் இருந்தது. 1736இல் கவர்னர் துய்மா ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடம் அந்த அனுமதியை வாங்கினார். புதுச்சேரியில் ஆற்காட்டு ரூபாய் அடிக்க ஆரம்பித்தார்கள். அதில் பிரான்ஸ் மன்னர் பெயர் இருக்காது. பாரசீக எழுத்தில் டில்லி பாதுஷா பெயர்தான் இருக்கும். புதுச்சேரிச் சரக்கு என்பதற்கு அடையாளம் ஒரு சின்னப் பிறை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே 1736ஆம் வருஷத்தில்தான்.

மூன்று வருஷம் கழித்து, 1739 பிப்ரவரியில், காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. தஞ்சை அரசுரிமைக்குப் போராடிய சாகுஜி, காரைக்காலையும் பக்கத்துக் கோட்டையையும் சில கிராமங்களையும் கொடுக்கப் பணம் பேசினார். பேசிய தொகை 'சக்கரம்' என்னும் தஞ்சாவூர்ப் பொன்காசில். ஆக நம் ஊர் பிரெஞ்சு ஊர் ஆனதே ஒரு காசு விவகாரம்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருந்தது. வெள்ளி கப்பலில் வரவேண்டும். கப்பல் வராவிட்டால்?

1758: காரைக்கால் வழியாகப் போன பஞ்சப் படை

1756இல் ஐரோப்பாவில் ஏழாண்டு யுத்தம் ஆரம்பித்தது. பிரான்ஸ் ஒரு பக்கம், இங்கிலாந்து மறு பக்கம். 1758 ஏப்ரல் கடைசியில் லாலி என்னும் தளபதி புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஜூன் தொடக்கத்தில் கடலூர்ப் பக்கம் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அடுத்தது சென்னை என்பதுதான் திட்டம். ஆனால் கஜானாவில் காசு இல்லை. சிப்பாய்க்குச் சம்பளம் இல்லை, மாட்டு வண்டிக்குக் கூலி இல்லை.

அப்போது ஒரு பழைய கடன் பத்திரம் நினைவுக்கு வந்தது. சில வருஷங்களுக்கு முன் சந்தா சாகிப் தஞ்சையை நெருக்கியபோது, தஞ்சை மன்னர் பிரதாப சிங் 56 லட்சம் ரூபாய்க்கு எழுதிக் கொடுத்த பத்திரம் அது. அதை வசூல் செய்யத்தான் லாலி படையோடு தெற்கே வந்தார். வழி எது? நம் காரைக்கால்தான். பசியோடும் தாகத்தோடும் 1758 ஜூன் கடைசியில் அந்தப் படை இங்கே வந்து சேர்ந்தது. பிறகு நாகூரைப் பிடித்தது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்தவை பொன் விக்கிரகங்கள் அல்ல, பித்தளை. அங்கே ஆறு பிராமணர்களை ஒற்றர்கள் என்று சந்தேகித்துப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர் ஓர்ம் எழுதியிருக்கிறார்.

ஆகஸ்டில் தஞ்சைக் கோட்டையை முற்றுகை போட்டார்கள். வெடிமருந்து தீர்ந்துகொண்டே வந்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி நாகப்பட்டினத்துக் கடலில் ஆங்கிலேயக் கப்பற்படையோடு நடந்த சண்டையில் பிரெஞ்சுக் கப்பல்கள் பலத்த அடி வாங்கின. காரைக்கால் கடலோரத்தில் ஆங்கிலேயக் கப்பல் நிற்கிறது என்ற செய்தி வந்ததும், முற்றுகையை விட்டுவிட்டு லாலி திரும்பவும் காரைக்காலுக்கே ஓடி வந்தார். வசூல் என்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வருஷம் நிலைமை இன்னும் மோசம். 1759 அக்டோபரில் சம்பளப் பாக்கிக்காகப் பிரெஞ்சுப் படையே கலகம் செய்தது. அவர்களைச் சமாதானப்படுத்த, புதுச்சேரியில் லாலி முதல் பெரிய மனிதர்கள் வரை வீட்டு வெள்ளித் தட்டுகளையும் பாத்திரங்களையும் நாணயச்சாலைக்கு அனுப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே 1759ஆம் வருஷக் கடைசியில் பாரிஸில் பதினைந்தாம் லூயி மன்னரும் தன் அரண்மனை வெள்ளிச் சாமான்களை உருக்குவதற்கு அனுப்பினார். ஒரே யுத்தம், இரண்டு ஊரிலும் அதே கதி.

1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி. ஏப்ரலில் காரைக்கால் ஆங்கிலேயர் வசமானது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. லாலியைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் 1766இல் தலையை வெட்டினார்கள். படை, வீரம், தளபதிகளின் சண்டை சச்சரவு என்று தோல்விக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். என் கணக்கில் முதல் காரணம், கடல் வழி அடைபட்டதும் வெள்ளி வரவில்லை என்பதுதான்.

அதே யுத்தத்தில் ஜெர்மனியில் நடந்தது

இங்கே ஒரு கேள்வி எழும். வெள்ளி இல்லையென்றால் செம்பைக் கலந்து அடித்துவிட வேண்டியதுதானே? அதையும் ஒருவர் செய்து பார்த்தார். அதே ஏழாண்டு யுத்தத்தில், பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்.

அந்தக் காலத்தில் ஜெர்மனி ஒரே நாடு அல்ல. நூற்றுக்கணக்கான சிற்றரசுகள். பலவற்றுக்குத் தனித்தனி நாணயச்சாலை. பெரிய வெள்ளிக்காசுக்குத் 'தாலர்' என்று பெயர். இன்று உலகமெல்லாம் புழங்கும் 'டாலர்' என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். 1750இல் பிரஷ்யா ஒரு நல்ல விதி செய்தது. ஒரு மார்க் எடை, அதாவது சுமார் 234 கிராம் சுத்த வெள்ளியில் 14 தாலர்தான் அடிக்கவேண்டும் என்று.

1756இல் பிரெடரிக் சாக்ஸனி நாட்டைப் பிடித்தார். லைப்சிக் நாணயச்சாலை அவர் கைக்கு வந்தது. சாக்ஸனியின் அரசர் மூன்றாம் அகஸ்டஸ் போலந்துக்கும் ராஜா. அவர் தலை போட்ட டைகளும் சிக்கின. பிரெடரிக் என்ன செய்தார் தெரியுமா? எதிரியின் முகத்தையே போட்டு, யுத்தத்துக்கு முந்திய 1753ஆம் வருஷத்தையே பொறித்து, வெள்ளியைக் குறைத்துக் காசு அடிக்க விட்டார். வருஷத்தைப் பார்ப்பவன் பழைய நல்ல காசு என்று வாங்கிக்கொள்வான். அவமானம் வந்தால் அது எதிரிக்கு. யுத்தம் நீள நீள 14 தாலருக்குரிய வெள்ளியில் 30, 40 தாலர் வரை அடித்தார்கள்.

நாணயச்சாலைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் எப்ராயிம், இட்சிக் என்னும் யூத வியாபாரிகள். அதனால் ஜனங்கள் அந்தக் காசுக்கு 'எப்ராயிமிட்டன்' என்று பெயர் வைத்துத் திட்டினார்கள். ஆனால் உத்தரவு ராஜாவுடையது, லாபத்தில் பெரும் பங்கும் ராஜாவுக்குத்தான். பிரெடரிக்கின் போர்ச் செலவில் சுமார் ஆறில் ஒரு பங்கு இந்தக் காசு வேலையிலிருந்து வந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ராஜா 'மகா பிரெடரிக்' என்று பெயர் வாங்கினார். கெட்ட பெயர் குத்தகைக்காரர்களுக்குப் போயிற்று.

இதற்கும் முன்னால் ஜெர்மனி இந்தப் பாடத்தை ஒரு முறை படித்திருந்தது. 1618இல் முப்பதாண்டு யுத்தம் ஆரம்பித்தது. கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கச் சிற்றரசர்கள் போட்டி போட்டுக்கொண்டு நாணயச்சாலை திறந்தார்கள். அவர்கள் கெடுத்தது பெரிய தாலரை அல்ல, சில்லறைக் காசை. நல்ல பழைய சில்லறையைத் தராசில் நிறுத்துப் பொறுக்கி எடுத்து, உருக்கி, செம்பு கலந்து, அடுத்த நாட்டில் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். அடுத்த நாட்டுக்காரன் சும்மா இருப்பானா? அவனும் அதையே செய்வான். தராசுத் தட்டு ஏறி இறங்குவதை வைத்து அந்தக் காலத்துக்கு 'கிப்பர் உண்ட் விப்பர்' என்று பெயர். 1619 முதல் 1623 வரை இந்தக் கூத்து நடந்தது. யுத்தத்துக்கு முன் 90 சொச்சம் க்ராய்ட்சர் சில்லறைக்குக் கிடைத்த ஒரு தாலர், சில ஊர்களில் 600 க்ராய்ட்சர் வரை போயிற்று. கடைசியில் ராஜாக்களே வரி வாங்கும்போது தங்கள் காசே தங்களுக்குத் திரும்பி வருவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தினார்கள்.

நம் பக்கத்தில் ஏன் அப்படிச் சுலபமாகச் செய்ய முடியவில்லை? காசின் மதிப்பை இங்கே முடிவு செய்தது ராஜா தலை அல்ல, சராப்பு கடை. சராப் காசைக் கையில் வாங்கி, நிறுத்து, உரைத்து, குறை இருந்தால் அதற்கு 'வட்டம்' பிடித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுப்பார். முத்திரையை நம்பாமல் உலோகத்தை நம்பிய சந்தை அது. அங்கே கெட்ட காசுக்குத் தண்டனை உடனே கிடைத்துவிடும்.

செம்பு எப்படி வெள்ளியாகத் தெரிகிறது?

இங்கே கொஞ்சம் மெட்டலர்ஜி. பாதிக்குமேல் செம்பு கலந்த காசு சிவப்பாகத்தானே இருக்கவேண்டும்? புதுசாக வரும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். காரணம் ஒரு எளிய வேலை. வெட்டிய வட்டத் தகட்டைச் சூடாக்கினால் மேலே உள்ள செம்பு காற்றுப்பட்டு ஆக்ஸைடு ஆகும். பிறகு அதை லேசான அமிலத்தில் போட்டால் செம்பு ஆக்ஸைடு கரைந்துவிடும், வெள்ளி கரையாது. மேல்தோல் மட்டும் ஏறக்குறைய சுத்த வெள்ளியாக நிற்கும். அதன்மேல் டை அடித்தால் பளபளவென்று இருக்கும். சில மாதம் கை மாறியதும் தோல் தேய்ந்து, ராஜாவின் மூக்கு நுனியில் முதலில் சிவப்பு எட்டிப்பார்க்கும். மேடான இடம் அதுதானே!

வெள்ளிக்கு உருகுநிலை சுமார் 962 டிகிரி, செம்புக்கு 1085. இரண்டையும் 72க்கு 28 என்ற அளவில் கலந்தால் 780 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். இரண்டாம் ஆண்டில் படிக்கும் யூடெக்டிக் வரைபடம் நினைவிருக்கிறதா? கலப்படக்காரனுக்கு விறகும் மிச்சம்!

1940: சட்டம் போட்டுக் குறைத்த ரூபாய்

இனி என் கையிலுள்ள இரண்டு காசுக்கு வருவோம். 1835இல் கம்பெனி ரூபாய்க்கு ஒரு விதி வைத்தார்கள். எடை 180 கிரெயின், அதில் 12க்கு 11 பங்கு வெள்ளி. நூறு வருஷத்துக்குமேல் அந்த விதி மாறவில்லை. முதல் உலக யுத்தத்தில் ஒரு முறை தடுமாறியது. வெள்ளி விலை ஏறி, ரூபாயைச் செலவழிப்பதைவிட உருக்கினால் லாபம் என்ற நிலை வந்தது. 1917இல் ஒரு ரூபாய் நோட்டு அடித்தார்கள். 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்காக விற்றது. அதில்தான் ரூபாய் தப்பியது. என் 1919 காசில் அந்த அமெரிக்க வெள்ளி கலந்திருந்தாலும் இருக்கலாம்.

இரண்டாம் யுத்தத்தில் அப்படித் தப்பவில்லை. 1940 ஜூனில் பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்தது. இந்தியா முழுக்க ஜனங்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டார்கள். வாங்கியதை வெளியே விடாமல் பானையிலும் பெட்டியிலும் பூட்டினார்கள். 'கெட்ட காசு நல்ல காசை விரட்டும்' என்று கிரெஷாம் விதி சொல்வது இதைத்தான். தேவைக்கு மேல் காசு சேர்ப்பது குற்றம் என்று அரசு உத்தரவு போட்டது. மீண்டும் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1940லேயே முதலில் நாலணா, அடுத்து எட்டணா, கடைசியில் ரூபாய் என்று வரிசையாக வெள்ளியைப் பாதியாக்கினார்கள். புதிய கலவை 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம். நிக்கல் வெண்மை கொடுக்கும், துத்தநாகம் வார்ப்பைச் சுத்தமாக்கும். நூறு ரூபாய் அடித்தால் ஏறக்குறைய அரைக் கிலோ வெள்ளி மிச்சம்.

அதோடு விடவில்லை. விக்டோரியா தலை ரூபாய் 1941இலும், எட்வர்டு ரூபாய் 1942இலும், இரண்டு ஜார்ஜ்களின் பழைய முழு வெள்ளி ரூபாய் 1943இலும் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கினார்கள். ஒரு பழைய ரூபாயில் இருந்த வெள்ளியில் கிட்டத்தட்ட இரண்டு புது ரூபாய் அடிக்கலாம். 2016 நவம்பரில் 500, 1000 நோட்டுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் வரிசையில் நின்றது நமக்குத் தெரியும். அவர்களின் பெற்றோர் வெள்ளிக்காசோடு வரிசையில் நின்ற காலம் அது.

காரைக்காலில் அப்போது பிரெஞ்சு ஆட்சி. 1940 செப்டம்பரில் புதுச்சேரி கவர்னர் போன்வேன் ஜெனரல் தெ கோல் பக்கம் சேர்ந்தார். ஆனால் கடைத்தெருவில் ஓடியது பிரிட்டிஷ் இந்திய ரூபாய்தான், கூடவே இந்தோசீனா வங்கியின் ரூபாய் நோட்டு. ஆகையால் கல்கத்தாவிலும் பம்பாயிலும் ரூபாயில் வெள்ளி குறைந்தபோது, பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே இருந்த காரைக்கால்காரர் சட்டைப்பையிலும் குறைந்தது. அவரை யாரும் கேட்கவில்லை.

பிறகு செம்புக்கும் தட்டுப்பாடு. 1943இல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. வீட்டில் தாத்தாவைக் கேளுங்கள், 'ஓட்டைக் காலணா' என்றதும் சிரிப்பார். வெள்ளி போதாமல் அமெரிக்காவிடம் 22.6 கோடி அவுன்ஸ் கடனாக வாங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கடனை வெள்ளியாகவே நாம் திருப்பிக் கொடுத்தோம். அந்த யுத்த காலப் பாதி வெள்ளி ரூபாய்களைத் திரும்பச் சேகரித்து, கல்கத்தா அலிப்பூரில் சுத்திகரித்து எடுத்த வெள்ளி அது. 1947இல் வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழு நிக்கல், பின்புறம் ஒரு புலி.

நம் லேபில் ஒரு சோதனை

இதெல்லாம் புத்தகக் கணக்கு. நம் கையால் சரிபார்க்க முடியுமா? முடியும். ஆர்க்கிமிடீஸ் இருக்கும்போது என்ன கவலை!

வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96, நிக்கல் 8.9, துத்தநாகம் 7.14. பழைய ரூபாய்க் கலவைக்குக் கணக்குப் போட்டால் 10.34 வரும். யுத்த ரூபாய்க்கு 9.53 வரும். இயற்பியல் ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, காசை மெல்லிய நூலில் கட்டித் தராசுக் கொக்கியில் மாட்டினேன். முதலில் காற்றில் எடை. பிறகு பீக்கரில் உள்ள தண்ணீரில் முழுதும் மூழ்கவிட்டு எடை. காசில் காற்றுக் குமிழி ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம். 1919 காசு 11.58 கிராம் இருந்தது, தண்ணீரில் குறைந்தது 1.12. வகுத்தால் 10.34. 1944 காசு 11.61 கிராம், குறைந்தது 1.22. வகுத்தால் 9.52. எண்பது வருஷத்துக்கு முந்திய சட்டம் நம் பீக்கரில் அப்படியே தெரிந்தது. காசுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இந்தச் சோதனை எதற்கு என்றால், நான் பார்த்த ஒரு சம்பவம். என் சிநேகிதனின் அப்பாயி, பேத்திக்குக் கொலுசு செய்ய இருபத்திரண்டு வெள்ளி ரூபாயைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். அவருடைய மாமியார் கொடுத்ததாம். அவனோடு நானும் பட்டறைக்குப் போனேன். பத்தர் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார். சத்தத்தை வைத்தே இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்றில் ஐந்து, மற்றதில் பதினேழு. உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டி, "இந்த அஞ்சும் நல்ல சரக்கு தம்பி. இதெல்லாம் யுத்தக் காசு. பாதிதான் தேறும்" என்றார்.

அப்பாயிக்கு அது புரியவே இல்லை. "ரெண்டுலயும் ராஜா தலை இருக்கு, ரெண்டும் ஒரே கனம். நான் களை பறிச்ச கூலியா இருந்தா என்ன, என் மாமியா நாத்து நட்ட கூலியா இருந்தா என்ன, எல்லாம் முழு ரூபாய்னுதானே வாங்குனோம்?" என்று கேட்டார். பத்தர் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. பதில் சொல்லவேண்டியவர்கள் அந்தப் பட்டறையில் இல்லை.

யார் தலையில் விழுந்தது?

அப்பாயியின் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே சாரம். யுத்தச் செலவை யாராவது கொடுத்தாகவேண்டும். வெளிப்படையாக வரி போட்டால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். காசிலிருந்து வெள்ளியை எடுத்தால் யாருக்கும் தெரியாது, உடனே வலிக்காது. அது பெயர் இல்லாத வரி.

அந்த வரி எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஜெர்மனியில் பெரிய வியாபாரியிடம் நல்ல தாலர் இருந்தது. கூலிக்காரன் கையில் சில்லறைதான். கெட்டது சில்லறை. 1940இல் விஷயம் தெரிந்தவர்கள் பழைய ரூபாயைப் பொறுக்கிப் பூட்டிக்கொண்டார்கள். அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்கு அரிசி வாங்குபவர் எதைப் பூட்டுவார்? 1939 ஆகஸ்டில் சுமார் 180 கோடி ரூபாய்க்கு இருந்த நோட்டுப் புழக்கம், 1945இல் 1,100 கோடியைத் தாண்டியது. பொருள் கூடவில்லை, பணம் மட்டும் ஆறு மடங்கு. 1942இல் பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. விலை என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. கூலி மட்டும் விலைக்குப் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வரும்.

ஒரு நியாயமும் சொல்லவேண்டும். பிரெடரிக் செய்ததும் 1940இல் செய்ததும் ஒன்றல்ல. அவர் பழைய வருஷத்தைப் போட்டு மறைத்தார். இங்கே சட்டம் போட்டு, கலவை என்ன என்று அறிவித்து, புது வருஷத்தைப் பொறித்து அடித்தார்கள். அன்று அப்படிக் குறைக்காவிட்டால் ரூபாய் முழுக்கப் பானைக்குள் போய்ச் சந்தையே நின்றிருக்கும். ஆனால் அரசிதழில் அறிவித்தது நாற்று நடும் வயலுக்கு எட்டியதா? பத்திரிகை படிக்கத் தெரியாதவருக்கு அறிவித்ததும் அறிவிக்காததும் ஒன்றுதான். அதனால்தான் படித்த நமக்கு ஒரு கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் பழைய வெள்ளி ரூபாய் இருந்தால், கொலுசுக்கோ குத்துவிளக்குக்கோ உருக்குவதற்கு முன் வருஷத்தைப் பாருங்கள். 1939 வரை அடித்ததில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்ததில் 50 பங்கு. 1947 என்றால் வெள்ளி இல்லை. அசல் 1939ஆம் வருஷ ரூபாய் மிக அபூர்வம், அதை உருக்கவே கூடாது, அதன் பெயரில் போலியும் உண்டு. யுத்த ரூபாயின் விளிம்பில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும், கள்ளக்காசைத் தடுக்கப் போட்டது. சந்தேகம் இருந்தால் ஒரு நூலும் ஒரு பீக்கர் தண்ணீரும் போதும். பாதி வெள்ளிக்குப் பாதி விலை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகவேண்டாம். முழு வெள்ளிக்குப் பாதி விலை என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரும் செமஸ்டரில் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு சனிக்கிழமை இயற்பியல் ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செய்து காட்டலாம் என்றிருக்கிறோம். விருப்பம் உள்ளவர்கள் வீட்டுக் காசைக் கொண்டு வரலாம். காசோடு, அதைச் சேர்த்து வைத்த பாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. அடர்த்தியை நாங்கள் சொல்கிறோம். அது எந்த வேலைக்குக் கிடைத்த கூலி என்பதை அவர்கள் சொல்லட்டும்.